எச்.ஐ.வி. சிகிச்சையோடு சர்க்கரை, இரத்த அழுத்தச் சிகிச்சையையும் ஒரே இடத்தில் தருவது எப்படி

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றுக்கான கூட்டு மருந்துச் சிகிச்சையை அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய நாள் 2004 ஏப்ரல் 1. முதற்கட்டமாக எட்டு அரசு மருத்துவமனைகளில் தொடங்கினார்கள். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அவற்றுள் ஒன்று. அன்று முப்பது, முப்பத்தைந்து வயதில் எலும்பும் தோலுமாக வந்து மருந்தைத் தொடங்கியவர்களில் பலர், இன்று பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, இந்தக் கூட்டு மருந்தைத் தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு வருகிறார்கள். வைரஸ் அவர்களிடம் அடங்கிவிட்டது. இப்போது அவர்களைச் சாய்ப்பது மாரடைப்பும் பக்கவாதமும் சிறுநீரகச் செயலிழப்பும்தான். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இதயநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

நான் பணியாற்றிய ஒரு மையத்தில் ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி ஒன்பது ஆண்டுகளாக ஒரு மாதம்கூடத் தவறாமல் வந்துகொண்டிருந்தார். ஒரு மாதம் வரவில்லை. ஆற்றுப்படுத்துநர் (ஆலோசகர்) தொலைபேசியில் விசாரித்தபோது, பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன என்று தெரிந்தது. மையத்தில் நாங்கள் வைத்திருக்கும் அவருடைய வெள்ளை அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வருகைக்கும் எடை எழுதப்பட்டிருந்தது. எத்தனை மாத்திரை மிச்சம் என்பதும் எழுதப்பட்டிருந்தது. இரத்த அழுத்தம் மட்டும் இரண்டாண்டுகளாக எங்குமே எழுதப்படவில்லை. நூறு முறைக்கு மேல் எங்கள் கண்முன் வந்து உட்கார்ந்தவருக்கு, ஐந்து நிமிடம் பிடிக்கும் ஓர் அளவீட்டை நாங்கள் ஒழுங்காகச் செய்யவில்லை. இந்த வழிகாட்டியை எழுதத் தூண்டியது அந்த அட்டைதான். ஏ.ஆர்.டி. மையங்களையும் அவற்றோடு இணைந்த துணை மையங்களையும் நடத்தும் மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள், ஆற்றுப்படுத்துநர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். மருந்தளவு பற்றி இங்கே சொல்வதை வைத்து நோயாளிகள் தாமாக எதையும் மாற்ற வேண்டாம். தங்கள் மருத்துவரிடம் கேட்பதற்கு இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

எதை எதனோடு சேர்ப்பது

முதலில் முடிவு செய்ய வேண்டியது திசை. எச்.ஐ.வி. நோயாளிகளைப் பொதுவான தொற்றா நோய்ப் பிரிவுக்கு அனுப்புவதா, தொற்றா நோய்ச் சிகிச்சையை ஏ.ஆர்.டி. மையத்துக்குள் கொண்டுவருவதா?

ஆப்பிரிக்காவில் சில இடங்களில் இரண்டையும் ஒரே பொதுப் பிரிவில் சேர்த்தார்கள். தென்னாப்பிரிக்காவில் வயதுவந்தோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்குத் தொற்று இருக்கிறது. அங்கே நாள்பட்ட நோய் எதுவானாலும் ஒரே வரிசை, ஒரே அறை என்று வைப்பது இயல்பாகப் பொருந்துகிறது. தான்சானியாவிலும் உகாண்டாவிலும் 32 சுகாதார நிலையங்களில் நடந்த இன்டே-ஆப்பிரிக்கா ஆய்வில், எச்.ஐ.வி., சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகிய மூன்றுக்கும் ஒரே பதிவிடம், ஒரே காத்திருப்பு இடம், ஒரே மருந்தகம் என்று வைத்துப் பார்த்தார்கள். 2023-இல் வெளியான முடிவின்படி, இணைத்த நிலையங்களிலும் இணைக்காத நிலையங்களிலும் வைரஸ் அடங்கியிருந்தோர் விகிதம் ஏறத்தாழ 97 சதவீதம்தான். கூடுதல் வேலை வந்தால் எச்.ஐ.வி. சிகிச்சை கெட்டுவிடும் என்று நம்மில் பலருக்கு இருக்கும் அச்சத்துக்கு இது நேரான பதில்.

நம் நிலைமை வேறு. இந்தியாவில் வயதுவந்தோரில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ இரண்டு பேருக்குத்தான் தொற்று. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனை ஒன்றின் தொற்றா நோய்ப் பிரிவில் காலையில் நிற்கும் கூட்டத்தில் இவர்களைக் கொண்டுபோய் நிறுத்தினால், பழக்கப்பட்ட மருத்துவரும் போய், ரகசியமும் போய், சிலர் சிகிச்சையையே விட்டுவிடுவார்கள். எனவே இங்கே இரத்த அழுத்தமும் சர்க்கரையும்தான் ஏ.ஆர்.டி. மையத்துக்குள் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கட்டுப்படாத சர்க்கரை, நெஞ்சுவலி, சிறுநீரகக் கோளாறு போன்றவற்றுக்கு மட்டும் பொது மருத்துவப் பிரிவுக்கு அனுப்பினால் போதும்.

ஒரு நோயாளியோடு ஒரு நாள் நடந்து பாருங்கள்

திட்டம் தீட்டுவதற்கு முன், இரு நோய்களும் உள்ள ஒருவரைக் கேட்டுக்கொண்டு, அவர் பேருந்து விட்டு இறங்குவது முதல் திரும்ப ஏறுவது வரை கூடவே இருங்கள். கையில் கடிகாரமும் ஒரு தாளும் இருந்தால் போதும். ஓ.பி. சீட்டுக்கு ஒரு வரிசை, மையத்தில் ஒரு வரிசை, இரத்தம் எடுக்க ஒரு வரிசை, சர்க்கரை மாத்திரைக்கு வேறு கட்டடத்தில் வேறு கிழமையில் ஒரு வரிசை என்று எழுதிக்கொண்டே போனால், எதைச் சேர்க்க வேண்டும் என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.

நான் அப்படி நடந்தபோது ஒன்று கண்டேன். கூட வந்த அம்மாவிடம் இரண்டு மஞ்சப்பைகள் இருந்தன. ஒன்றில் சர்க்கரை நோட்டும் அதற்கான மாத்திரைகளும். மற்றொன்றில் எச்.ஐ.வி. சிகிச்சைக்காக நோயாளி வைத்திருக்கும் பச்சைப் புத்தகமும் முப்பது மாத்திரை அடங்கிய டப்பாக்களும். டப்பாவுக்குள் பஞ்சை அடைத்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, பேருந்தில் குலுங்கும்போது சத்தம் கேட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன மாத்திரை என்று கேட்பார்கள் என்றார். சர்க்கரைப் பிரிவில் அந்த இரண்டாவது பையை அவர் ஒருபோதும் திறந்ததில்லை. எனவே அங்குள்ள மருத்துவருக்கு அவர் உட்கொள்ளும் மற்ற மருந்துகள் எவை என்பதே தெரியாது. சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினின் அளவு அங்கே ஏற்றப்பட்டுக்கொண்டே போனது. இதில் உள்ள ஆபத்தைக் கீழே சொல்கிறேன்.

கருவி இருக்க வேண்டிய இடம் எடைக் கருவிக்குப் பக்கம்

எடை பார்க்காமல் எந்த நோயாளியும் எங்கள் மையத்தில் மருத்துவர் அறைக்குள் வருவதில்லை. ஆகவே இரத்த அழுத்தக் கருவியை மருத்துவர் மேசையிலிருந்து எடுத்து எடைக் கருவிக்குப் பக்கத்தில் ஒரு மேசையில் வைத்தோம். செவிலியரோ, பயிற்சி பெற்ற பராமரிப்பு ஒருங்கிணைப்பாளரோ அளந்து அட்டையில் எழுதிய பிறகே கோப்பு உள்ளே போகும். அழுத்தம் எழுதப்படாத அட்டையை மருத்துவர் திருப்பி அனுப்ப வேண்டும். இந்த ஒரு பழக்கம் வேரூன்ற இரண்டு மாதம் ஆனது.

அளக்கும் முறையில் கண்டிப்பு தேவை. நோயாளி முதுகு சாய்த்து, கால் தரையில் பட, ஐந்து நிமிடமாவது அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். கை இதய மட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். பட்டை கைக்குப் பொருந்த வேண்டும். மெலிந்த கைக்குப் பெரிய பட்டையைச் சுற்றினால் அழுத்தம் குறைவாகக் காட்டும், பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் அதிகமாகக் காட்டும். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் சற்று நேரம் கழித்து மறுபடி பார்த்து, இன்னொரு நாளும் உறுதிசெய்த பிறகே நோய் என்று எழுத வேண்டும். 180/110-ஐத் தாண்டினால் அன்றே மருத்துவர் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

சர்க்கரைக்குத் தனியாக இரத்தம் எடுக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கொரு முறை வைரல் லோடு (இரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) பார்க்க இரத்தம் எடுக்கும் நாளிலேயே வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் ஆகியவற்றையும் எடுத்துவிடலாம். வெறும் வயிற்றோடு வரச் சொல்லி முந்தைய வருகையிலேயே சொல்லி, பச்சைப் புத்தகத்தில் எழுதியும் கொடுங்கள். தூரத்து ஊர்களிலிருந்து முதல் பேருந்தில் வருபவர்கள் பதினொரு மணிவரை பட்டினியாகக் காத்திருக்கும்படி விடக் கூடாது. அவர்களுடைய இரத்தத்தை முதலில் எடுத்துவிட்டுச் சாப்பிட அனுப்பிய பிறகு மற்ற வேலைகளைப் பார்க்கலாம். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இரு முறை இருந்தால் சர்க்கரை நோய். எச்.பி.ஏ.1.சி. (சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும்) பரிசோதனையை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு, முக்கியமாக ஜிடோவுடின் அல்லது அபாகவிர் என்ற எச்.ஐ.வி. மருந்துகளை எடுப்பவர்களுக்கு, அது உண்மையான சர்க்கரை அளவைக் குறைத்துக் காட்டக்கூடும்.

மருந்து வரும் இரண்டு வழிகள்

இணைப்பு பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் மருந்துக் கிடங்கு. கூட்டு மருந்துகள் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வழியாக வருகின்றன. இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், டெல்மிசார்டன், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் போன்றவை தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மாவட்டக் கிடங்கிலிருந்து மருத்துவமனைக்கு வருகின்றன. இரண்டும் ஒரே மேசைக்கு வர வேண்டுமானால், ஏ.ஆர்.டி. மையத்தை மருத்துவமனை மருந்தகத்தின் துணைப் பிரிவாகக் கருதித் தனி இன்டென்ட் (மருந்துக் கோரிக்கை) புத்தகம் கொடுக்கும்படி கண்காணிப்பாளரிடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள். மூன்று மாதம் அளந்து பார்த்த எண்ணிக்கையை அதோடு இணைத்தால் மறுப்பது கடினம். முதலில் ஐந்தாறு மருந்துகளுக்கு மேல் கேட்க வேண்டாம்.

அடுத்தது நாள் கணக்கு. நிலையாக இருக்கும் நோயாளிக்குக் கூட்டு மருந்தை மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்துவிட்டு, இரத்த அழுத்த மாத்திரையை ஒரு மாதத்துக்கு மட்டும் கொடுத்தால், அவர் இரண்டாம் மாதம் வர மாட்டார். கூலி வேலையை விட்டு ஒரு மாத்திரைக்காக யார் வருவார்கள்? மாத்திரை நின்றுபோகும். எல்லா மருந்துகளும் ஒரே நாளில் தீரும்படி எண்ணிக் கொடுப்பதுதான் இணைப்பின் சாரம். தென்னாப்பிரிக்கா 2014 முதல் நடத்தும் மருந்து விநியோகத் திட்டத்தில், எச்.ஐ.வி., இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகிய மருந்துகள் ஒருவருக்கு ஒரே பொட்டலமாகக் கட்டப்பட்டு வீட்டுக்கு அருகிலுள்ள இடத்தில் கிடைக்கின்றன. நம் மையங்களில் ஒரு மருந்தாளுநர் ஒரே பழுப்பு உறையில் போட்டுக் கொடுத்தாலே அதில் பாதி பயன் கிடைத்துவிடும்.

மாத்திரைகள் மோதிக்கொள்ளும் இடங்கள்

ஒரே மருத்துவர் இரண்டு நோய்களையும் பார்ப்பதன் பெரும் பயன் இங்கேதான் இருக்கிறது. இப்போது பெரும்பாலோர் எடுப்பது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. டோலுடெக்ராவிர் இரத்தத்தில் மெட்ஃபார்மினின் அளவைக் கூட்டிவிடும். ஆகவே இம்மாத்திரை எடுப்பவருக்கு மெட்ஃபார்மின் நாளொன்றுக்கு மொத்தம் 1000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதில் கட்டுப்படவில்லையென்றால் வேறு மருந்தைச் சேர்க்க வேண்டும். பஞ்சடைத்த டப்பா வைத்திருந்த அம்மாவுக்கு 2000 மில்லிகிராம் போய்க்கொண்டிருந்தது. ஓயாத வயிற்றுப்போக்கோடு வந்தவருக்கு அளவைக் குறைத்தவுடன் அது நின்றது. இரண்டு பைகளும் ஒரே மேசையில் திறக்கப்பட்டதால்தான் அது கண்ணில் பட்டது.

இரும்புச் சத்து, கால்சியம், வயிற்றெரிச்சலுக்கான ஜெல் ஆகியவை டோலுடெக்ராவிர் உடலில் சேர்வதைத் தடுக்கும். ஜெல் குடிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ மாத்திரையை விழுங்க வேண்டும். இரும்பையும் கால்சியத்தையும் சாப்பாட்டோடு என்றால் மாத்திரையுடன் சேர்த்தே எடுக்கலாம். வலிப்புக்குக் கார்பமசிபைன், ஃபெனிடாயின் எடுப்பவர்களுக்கும் காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கும் டோலுடெக்ராவிர் வேகமாக வெளியேறிவிடும். ரிஃபாம்பிசினோடு அதை 50 மில்லிகிராம் வீதம் இரு வேளை கொடுக்க வேண்டும். வலிப்பு மருந்தை முடிந்தால் மாற்ற வேண்டும்.

டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அதே உறுப்பைத்தான் தாக்குகின்றன. மூன்றும் ஒருவரிடம் சேரும்போது ஆண்டுக்கு ஒரு கிரியேட்டினின் போதாது; ஆறு மாதத்துக்கு ஒரு முறை கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்ப்பது நல்லது. மூட்டுவலிக்குக் கடையில் தாமாக டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறார்களா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். நேரடியாகக் கேட்டாலொழியச் சொல்ல மாட்டார்கள். டோலுடெக்ராவிர் தொடங்கிய முதல் சில வாரங்களில் கிரியேட்டினின் சற்றே ஏறி நின்றால் அது சிறுநீரகச் சேதம் அன்று. தொடர்ந்து ஏறினால்தான் கவலைப்பட வேண்டும்.

இரண்டாம் வரிசை மருந்துகளில் (முதல் மருந்துகள் பலிக்காதபோது தரப்படுபவை) ரிட்டோனாவிர் இருந்தால் எச்சரிக்கை இன்னும் கூட வேண்டும். சிம்வாஸ்டாடின் என்ற கொழுப்பு மருந்து கூடவே கூடாது. அடோர்வாஸ்டாடினைக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும். அம்லோடிபின் அளவு உடலில் ஏறிக் காலில் வீக்கமும் தலைச்சுற்றலும் வரலாம் என்பதால் 2.5 மில்லிகிராமில் தொடங்கலாம். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்தில் புடசோனைடோ ஃப்ளூட்டிகசோனோ இருந்தால் ரிட்டோனாவிரோடு சேர்ந்து ஸ்டீராய்டு உடலில் தேங்கும், பெக்லோமெத்தசோன் பாதுகாப்பானது. அட்டசனாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தை எடுப்பவருக்கு, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பேன்டோப்ரசோல் கொடுத்தால் அட்டசனாவிர் வேலை செய்யாது. எந்த மாத்திரை எழுதினாலும் கூடவே ஒரு பேன்டோப்ரசோல் எழுதும் வழக்கம் நம்மிடம் பரவியிருப்பதால், இதை மருத்துவர் மேசைக்கு எதிரில் பெரிய எழுத்தில் ஒட்டிவைக்கச் சொல்வேன்.

கொழுப்பு மருந்து பற்றி ஒரு சொல். இந்தியாவும் அடங்கிய 12 நாடுகளில் 7,769 எச்.ஐ.வி. நோயாளிகளிடம் நடந்த ரிப்ரீவ் ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. 40 முதல் 75 வயதுவரை, இதயநோய் ஆபத்து அதிகம் இல்லாதவர்களுக்குக்கூட, ஸ்டாடின் வகைக் கொழுப்பு மருந்தான பிடாவாஸ்டாடினை நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் கொடுத்ததில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைந்தன. நாற்பதைத் தாண்டிய ஒவ்வொருவரிடமும் ஸ்டாடின் பற்றிப் பேச இது போதிய காரணம்.

ரகசியத்தைக் காப்பது

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டத்தின்படி, ஒருவருடைய தொற்று நிலையை அவருடைய எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் வெளியிடக் கூடாது. சிகிச்சைக்குத் தேவையான அளவில், அவருக்குச் சிகிச்சை அளிக்கும் இன்னொரு மருத்துவருக்குச் சொல்வதைச் சட்டம் அனுமதிக்கிறது. அனுமதி இருந்தாலும் நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்வதுதான் முறை. பரிந்துரைச் சீட்டில் நோயின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதாதீர்கள். சீட்டு வரிசையில் பல கைகள் மாறும். மூடிய உறையில் மருந்துகளின் பெயரை மட்டும் எழுதி அனுப்பினால் படிக்கத் தெரிந்த மருத்துவருக்கு அதுவே போதும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். இது நம் நோயாளிகளுக்கு நல்லதும்தான், சிக்கலும்தான். தன்னார்வலர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர். ஆகவே ஆற்றுப்படுத்துநர் நோயாளியிடம் தனியாகக் கேட்க வேண்டும்: “பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வரட்டுமா, இங்கேயே வாங்கிக்கொள்கிறீர்களா?” விரும்புகிறவர் வாங்கட்டும், ஆனால் அங்கே தரப்படும் மாத்திரைகளையும் நம் அட்டையில் எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே மருந்து இரு மடங்காகப் போகும்.

மறந்துபோகும் மற்றவை

எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஆறு மடங்கு. அவர்களுக்கு 25 வயதிலிருந்தே பரிசோதனை தொடங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மையத்திலேயே செய்ய முடியாவிட்டால், மகப்பேறு பிரிவோடு பேசி வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கி, ஒரு செவிலியர் கூடவே அழைத்துப் போக வேண்டும். சீட்டை மட்டும் கொடுத்து அனுப்பினால் பாதிப் பேர் போக மாட்டார்கள்.

புகையிலை, மது, மனச்சோர்வு மூன்றையும் பற்றி ஆற்றுப்படுத்துநர் ஏற்கெனவே கேட்கிறார். அதை மருத்துவர் பார்க்கும் இடத்தில் எழுதினால் போதும்.

எதிர்த்திசையிலும் ஒரு வேலை உண்டு. தொற்றா நோய்ப் பிரிவுக்கு வருபவரிடம் காரணமில்லாத எடை இழப்பு, வாயில் வெண்படலம், அக்கி, காசநோய் ஆகியவற்றில் ஒன்று இருந்தால், சர்க்கரையின் மேல் பழியைப் போட்டுவிட்டு நிற்காமல், ஒப்புதல் பெற்று நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பிரிவுச் செவிலியர்களோடு அரை நாள் உட்கார்ந்து பேசினால் இது நடக்கும்.

தொடங்கிய பின் பார்க்க வேண்டிய எண்கள்

நிறையப் பதிவேடு வேண்டாம். மாதம் மூன்று எண்கள் போதும்: வந்தவர்களில் எத்தனை பேருக்கு அழுத்தம் அளக்கப்பட்டது, நோய் உறுதியானவர்களில் எத்தனை பேருக்கு மருந்து தொடங்கியது, மருந்து எடுப்பவர்களில் எத்தனை பேருக்கு 140/90-க்குக் கீழே இருக்கிறது. முதல் எண் சில வாரங்களில் ஏறிவிடும். மூன்றாவது எண் மெதுவாகத்தான் ஏறும். காரணம் பெரும்பாலும் நோயாளி அல்லர், அழுத்தம் அதிகம் என்று கண்டும் “அடுத்த முறை பார்க்கலாம்” என்று மருந்தை மாற்றாமல் விடும் நாம்தான். எனவே இரண்டு வருகை தொடர்ந்து உயர்ந்திருந்தால் மூன்றாவது வருகைக்குக் காத்திராமல் அளவைக் கூட்டுவது என்று எழுதி வைத்து, செவிலியரே அதை நினைவூட்டும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

இன்னொன்று. நோயாளி வேறு மாவட்டத்துக்கு மாறும்போது கொடுக்கும் மாற்றுக் கடிதத்தில் கூட்டு மருந்தும் கடைசி வைரல் லோடும் மட்டுமே எழுதுவது வழக்கமாக இருக்கிறது. அதே தாளில் இரத்த அழுத்தம், சர்க்கரை, கிரியேட்டினின் ஆகியவற்றின் கடைசி அளவுகளையும், எடுக்கும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் அளவையும் எழுதி, புது மையத்தை எட்டுவதற்குள் தீராதபடி இரு வகை மருந்தையும் ஒரு மாதத்துக்குக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.